எல்லாக் குழாயிலும் ஒரே அழுத்தம்

திருநெல்வேலியில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அங்கே பிடித்த கேள்வி ஒன்று வேலை நேரத்திலும் என்னை விடுவதில்லை: அருள் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் வருகிறதா?

மாஸ்டர் சிலிண்டரை வைத்துத்தான் இதை யோசிக்கிறேன். பெடலை மிதித்தால் தள்ளுகம்பி பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் தலையில் இருக்கும் ரப்பர் கப், ஆயில் டப்பாவுக்குப் போகும் ஊசித்துளையைத் தாண்டும்வரை அழுத்தமே கிடையாது. ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும். துளை அடைபட்ட பிறகுதான் உள்ளே மாட்டிய ஆயில், முன்னால் இருக்கும் இரண்டாவது பிஸ்டனையும் தள்ளிக்கொண்டு, சக்கரங்களுக்கெல்லாம் அழுத்தத்தைக் கொண்டுபோகும். ஒரு குழாய் வெடித்தாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கட்டும் என்றுதான் இரண்டு பிஸ்டன். சிலிண்டர் 20 மி.மீ., காலிப்பர் பிஸ்டன் 50 மி.மீ. என்றால், தள்ளிய விசை அங்கே 6.25 மடங்கு. விசை மாறும், அழுத்தம் ஒன்றே. (சில வண்டிகளில் பின் சக்கரத்துக்குக் குறைத்து அனுப்ப வால்வு உண்டு. அது வேறு கதை.)

அழுத்தம் எங்கும் ஒன்றே என்ற விதியைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல் (1623–1662). மனிதனை மாற்றும் அருள் எல்லாருக்கும் இல்லை, இறைவன் தேர்ந்தவர்களுக்கே என்று நம்பிய கிறிஸ்தவக் குழுவான ஜான்சனியர் பக்கம் நின்றவரும் அவரே. 1656–57இல் அவர்களுக்காக வாதாடிக் கடிதங்கள் எழுதினார். அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அருள் சிலருக்கே என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சித்தாந்தம் சொல்வது வேறு. அருள் எங்கும் நிறைந்தது. உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் பக்குவப்பட்ட அளவுக்கு அருள் உயிரில் பதிகிறது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அந்தப் பதிவுக்கு நான்கு படி. “வண்டி வலப்பக்கம் இழுக்குது” என்று வருகிறவரின் காரில் நான் காண்பதும் இதைத்தான். மாஸ்டர் நன்றாக இருக்கும். இடது காலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும். அழுத்தம் அதன் முதுகுவரை வந்துதான் நிற்கிறது.

பாஸ்கல் விடமாட்டார். துருப்பிடித்த பிஸ்டன் தன் துருவைத் தானே சுரண்டிக்கொள்ளுமா? சுரண்டுவதும் இறைவன் அருள்தான் என்றால், சிலரை ஏன் அப்படியே விடுகிறான்? வலுவான கேள்விதான்.

இறுகிய பிஸ்டனை நான் சுத்தியலால் தட்டுவதில்லை. ஹோஸைப் பிரிக்காமல் காலிப்பரை மட்டும் டிஸ்கிலிருந்து எடுத்துக் கம்பியில் கட்டி, எதிரே ஒரு மரத்துண்டு வைத்து, பையனை மெதுவாக மிதிக்கச் சொல்வேன். மற்ற மூன்று சக்கரமும் பிடித்து நின்றுவிடும். மேலும் மிதிக்க மிதிக்க அழுத்தம் ஏறும். ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு செம்பழுப்புத் துரு வளையத்தோடு பிஸ்டன் மயிரிழை மயிரிழையாக வெளியே வரும். புதிதாக எந்த விசையும் வந்துவிடவில்லை; அதே பெடல், அதே ஆயில். மலத்தைப் பக்குவப்படுத்துவதும் மறைக்கும் ஆற்றலான திரோதான சத்தியாக நிற்கும் அந்த அருளே என்று வகுப்பில் சொன்னபோது, எனக்குக் கண்முன் வந்தது அந்த மரத்துண்டுதான். தாமதம் இருக்கிறது, விலக்கு இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் பட்டறை சித்தாந்தத்துக்கு ஒத்துவராது. துரு தின்று குழிவிழுந்த பிஸ்டனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறேன். எத்தனை பிறவி ஆனாலும் ஓர் உயிரை அப்படிக் கழித்துப்போடச் சித்தாந்தத்தில் இடமில்லை. பாஸ்கல் நம்பிய இறையியலில் இருக்கிறது.