வாயில்லாத வாடிக்கைக்காரர்



ஒரு சரக்குக்கு உண்மையான வாடிக்கைக்காரர் யார்? காசு கொடுப்பவரா, அனுபவிப்பவரா? அரிசியிலும் துணியிலும் இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரே. ஆகையால் இக்கேள்வி நமக்கு எழுவதில்லை. ஆனால், பூனை விளையாடுவதற்கென்று வீட்டில் தைக்கப்படும் தோல் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுப்பவர் மனிதர். கடித்து இழுப்பது பூனை. இங்கே கேள்வி எழுந்தே தீரும்.

செருப்புக்கும் கைப்பைக்கும் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத் தோலை வீணாக்காமல் இப்படித் தைப்பது நல்ல சிக்கனமே. ஆனால் வாங்குபவரின் கண்ணைக் கவர, பாசிமணிக் கண்ணும் பட்டுநூல் வாலும் வைக்கத் தோன்றும். சோதனை இங்கேதான். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் பின்நோக்கி அமைந்தவை. வாய்க்குள் போன நூலை அது எளிதில் துப்ப இயலாது, விழுங்கிவிடும். நீண்ட நூல் குடலைச் சுருக்கி அறுத்தும் விடும். அறுவைச் சிகிச்சைக்குத் தாமதமானால் உயிரே போகும்.

ஆகவே, உடலோடு வாலையும் சேர்த்து ஒரே தோலாக வெட்டுங்கள். மணி வேண்டாம். மரப்பட்டையால் பதனிட்ட, சாயமேற்றாத தோல் நலம். உள்ளேயும் தோல் துணுக்குகளையே அடையுங்கள். விழுங்க முடியாத அளவில், மெழுகிட்ட நூலால் நெருக்கித் தைத்து, முடிச்சை உள்ளே மறையுங்கள். தையல் பிரிந்தால் எறிந்துவிடும்படி வாங்குபவரிடம் சொல்லியே கொடுங்கள்.

அழகு குறைந்தால் விற்பனையும் குறையலாம், மெய்தான். "பூனைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றும் சிலர் சொல்வர். விஷயமே அதுதான். ஏமாந்த மனிதன் சரக்கைத் திருப்பிக் கொண்டுவருவான், ஊரெல்லாம் சொல்வான், அடுத்த கடைக்குப் போவான். அந்தப் பயத்தால் நாம் காட்டும் நேர்மை, அவன் நம்மிடம் வாங்கிய நேர்மை. முறையிட வாயில்லாத ஜீவனுக்குத் தைக்கும் தையலில்தான் நம் சொந்த நேர்மை எவ்வளவென்று தெரியவரும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழியை நாம் யாவரும் அறிவோம். அப்பூனைக்கும் முறையிட வாயில்லை. ஆயினும் கணக்குக் கேட்கப்பட்டது.

தொட்டில் குழந்தையின் கிலுகிலுப்பையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நம் கடை அலமாரியில் பேச இயலாதவர்க்கான சரக்கு எவையெவை என்று ஒருதரம் பாருங்கள். அவற்றின் தையலை, விற்கும் முன் நாமே ஒருமுறை இழுத்துப் பார்ப்போம்.