பெயரற்றவர்க்கு எள்ளும் நீரும்

சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் ரயில்பாதையில் பாலோவுக்கும் லாபிசுக்கும் இடையே உள்ள சிறிய நிலையம் பெக்கோக். 1942, 43ஆம் ஆண்டுகளில் தென் ஜொகூரிலிருந்து சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ரயிலேற்றப்பட்டவர்கள் இதைத் தாண்டித்தான் கிம்மாஸ் போனார்கள். அங்கிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட, மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டி ஜப்பானியர் ஆள் சேர்த்தனர். ஆசைக்கு மசியாதவர்களை வளைத்துப் பிடித்தனர். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தோட்டத் தமிழர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்கள் இறந்த நாளும் தெரியாது, இடமும் தெரியாது. சில குடும்பங்களில் இப்போது பெயரும் மறந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவருக்கு வழிவந்தவர்கள் செய்ய வேண்டிய கடன் என்ன? அமாவாசையன்று எல்லாரையும் பொதுவாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டால் அது தீர்ந்துவிடுமா?

தீராது என்பதே என் எண்ணம். நம் வழக்கமே அதற்குச் சாட்சி. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். கருமாதியும் திதியும் இன்னாருக்கு என்று சொல்லியே செய்யப்படுகின்றன; கோயில் அர்ச்சனைக்குக்கூடப் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார்கள். பெற்றோரும் உறவும் இல்லாதவர்களுக்கென்று தர்ப்பணத்தின் கடைசியில் நீர் விடுவதும், திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருப்பதும் உண்மைதான். ஆனால் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்களை எல்லாம் அழைத்து முடித்த பிறகே அந்தப் பொது நீர் வருகிறது. காணாமற்போனவருக்குச் சாத்திரங்கள் சொல்லும் விதி இன்னும் கறாரானது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, அதன்பிறகும் செய்தி இல்லையென்றால் மட்டுமே, தர்ப்பையாலோ பலாச இலையாலோ உருவம் செய்து எரிக்கலாம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் ஏழு ஆண்டு எந்தச் செய்தியும் இல்லாத பிறகே ஒருவரை இறந்தவராகக் கொள்ள இடம் தருகிறது. காத்திருக்கும் காலம் தேடும் காலமும்தான். தேடாமல் உருவத்தை எரிப்பவர் சடங்கின் பாதியை விட்டுவிடுகிறார்.

தேடியிருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் காஞ்சனபுரி போர்க் கல்லறையைப் பார்க்கலாம். அதே ரயில்பாதையில் வேலைசெய்து இறந்த ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். மிகப் பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. அதே காடு, அதே பருவமழை, 1943இல் பரவிய அதே காலரா. கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலை ஒளித்துவைத்துக் காத்தார்கள். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், ஒரு சிறு குழு பாதை நெடுகச் சென்று 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டறிந்தது. தொழிலாளர்களுக்காக அப்படி எவரும் போகவில்லை. அவர்கள் பெயரில்லாமல் வாழ்ந்தவர்கள் அல்லர். தோட்டத்தில் தினமும் பெரட்டில், அதாவது காலை வரிசையில், பெயர் கூப்பிட்டார்கள், கிராணி செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதினார். எழுத்து இருந்தது, அதைக் காக்கவோ சேர்க்கவோ ஆளில்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, இவர் யார் பிள்ளை என்று கேட்க ஒரு பட்டியல்கூடக் கையில் இல்லாமற்போனது இதனால்தான். இதை விதி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மனிதர்கள் செய்த வேலைக்கும் செய்யாமல் விட்ட வேலைக்கும் உள்ள வேறுபாடு இது.

சைவரும் வேதாந்திகளும் இங்கே ஒரு தடை எழுப்பலாம். உடல் கழற்றிப்போட்ட சட்டை, உயிர் எங்கோ அடுத்த பயணத்தில் இருக்கிறது. எலும்புக்கும் பெயருக்கும் ஏன் இத்தனை பாடு என்பார்கள். கொள்கையளவில் இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லும் குடும்பமே எரித்த மறுநாள் சுடுகாட்டுக்குப் போய், பாலூற்றி, எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்த்து ஆற்றிலோ கடலிலோ கரைக்கிறது. உடலை விட்டு உயிர் போய்விட்டது என்பதை நம்பிக்கொண்டே உடலை மதிப்பதுதான் நம் மரபு. அந்த மதிப்பைக் கண்முன் இறந்தவர்களுக்குத் தந்துவிட்டு, காட்டில் கிடந்தவர்களுக்கு மட்டும் தத்துவம் சொல்வது நியாயமாகாது.

கன்மத்தைச் சொல்லி வரும் தடை இதைவிடக் கடுமையானது: அவரவர் வினை, அவரவர் முடிவு. வினைக்கொள்கையை முழுதாக ஏற்றாலும், துன்பப்பட்டவர் ஏன் துன்பப்பட்டார் என்பதற்கு மட்டுமே அது விடை தருகிறது. துன்புறுத்தியவரை அது விடுவிப்பதில்லை, எஞ்சியிருப்பவரின் கடனையும் தள்ளுபடி செய்வதில்லை. வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறார். நல்ல சாவு கண்ட தென்புலத்தார் என்று பிரிக்கவில்லை.

தாய்லாந்து மக்களே கடனைத் தீர்த்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வராராம் விகாரையில் பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவுத்தூபி உண்டு. மலேசியத் தமிழர்கள் 2023இல் அங்கேயே ஒரு நடுகல்லும் நிறுவினார்கள். முன்பின் அறியாதவர்களுக்காக அந்தப் பௌத்தர்கள் செய்த புண்ணியத்துக்கு நாம் என்றும் நன்றியுடையவர்கள். ஆனால் அயலார் காட்டிய கருணை நம் பங்கைக் குறைக்காது. பழைய நடுகற்களில் வீழ்ந்தவனின் பெயரையும் ஊரையும் எப்படி வீழ்ந்தான் என்பதையும் பொறித்தார்கள். காஞ்சனபுரிக் கல் ஒரு தொடக்கம். பொறிக்க வேண்டிய பெயர்கள் தோட்டங்களிலும் அங்கிருந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

எண்பது ஆண்டு கழித்து எதற்கு என்ற கேள்விக்கு அந்த மூன்று தலைமுறைக் கணக்கே விடை சொல்கிறது. 1943இல் இறந்தவர் இன்று நாற்பது வயதாகும் ஒருவருக்கு முப்பாட்டன். இன்னும் பெயர் சொல்லி நீர் விடும் எல்லைக்குள்தான் இருக்கிறார். அடுத்த தலைமுறைக்கு அவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். அறிவியலின் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான். 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் பெரும்பாலானோரை உறவினரின் இரத்த மாதிரியை வைத்து அடையாளம் கண்டார்கள். உறவு நெருங்க நெருங்கத்தான் அந்தச் சோதனை உறுதிப்படும். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளில் எஞ்சியிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பெக்கோக், லாபிஸ், சிகாமட் பக்கத்துக் கோயில் நிர்வாகங்கள் வரும் ஆடி அமாவாசைக்கு முன் அவர்களிடம் போய் உட்கார வேண்டும். போனவரின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், கங்காணி யார், எந்த மாதம் ரயிலேறினார் என்று கேட்டு எழுத வேண்டும். பெயர் கிடைத்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, மிச்சமுள்ளவர்களுக்குப் பொது நீரை விடலாம்.