பிடுங்கிய நாற்று

களையைப் பிடுங்க மனத்தில் துணிவு வேண்டியதில்லை. நல்ல பயிரைப் பிடுங்குவதற்குத்தான் வேண்டும். நோயில்லாத, வாடாத, நாமே விதைத்து நாமே நீர் ஊற்றி வளர்த்த நாற்றை, 'நீ இங்கே வேண்டாம்' என்று களைந்தெறிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால், தோட்டத்தைக் காட்டி மனிதருக்கு நீதி சொல்லப் புறப்படுகிறவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

தாளுக்காகவே வளர்க்கும் வெங்காய வகை ஒன்று உண்டு. அடியில் குமிழ் பெரிதாகத் திரளாது. உள்ளே கூடாக இருக்கும் பச்சைத் தாள்கள்தாம் அதன் செல்வம். சீனரும் ஜப்பானியரும் நெடுங்காலமாகப் போற்றி வளர்த்துவரும் பயிர் அது. நம் பக்கத்து வீடுகளில் சின்ன வெங்காயத்தையே மண்ணில் ஊன்றித் தாள் கிள்ளிக்கொள்வது வழக்கம். விதையிலிருந்து வளர்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

விதை பார்ப்பதற்குக் கருஞ்சீரகம் போலவே இருக்கும். ஒரு வருஷத்துக்குமேல் சும்மா வைத்திருந்தால் முளைக்கும் ஆற்றல் விரைவாகக் குறைந்துபோகும். அரை விரற்கடை ஆழத்தில் விதைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால், ஏழிலிருந்து பத்து நாளில் முளை தெரியும். அது நிமிர்ந்து வருவதில்லை. மடித்த முழங்காலைப் போல் வளைந்து, மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும். பிறகுதான் தலையை உருவிக்கொண்டு நிமிரும். சில நாற்றுகளின் நுனியில் கறுப்பு விதைத்தோல் குல்லாயைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு பாடுபட்டு வெளிச்சத்தைக் கண்ட உயிரைத்தான், நெருக்கமாக இருக்கிறது என்பதற்காக இரண்டு விரலால் பிடுங்கிப் போடச் சொல்கிறது தோட்டக் கலை.

கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் இதில் பெரிய உண்மையைக் கண்டுவிட்டார். "சமுதாயமும் இப்படித்தான் ஐயா! எல்லாரையும் வளர்க்கிறேன் என்றால் ஒருவரும் வளரமாட்டார்கள். வல்லவனுக்கு இடம் விட்டு மற்றவன் ஒதுங்க வேண்டும். இயற்கையே அதைத்தானே சொல்கிறது?" என்றார்.

இந்தக் குரல் புதிது அன்று. 'தகுதி உள்ளதே தப்பிப் பிழைக்கும்' என்ற தொடரை 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதினார். 1869-இல் வெளிவந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் டார்வினும் அதை எடுத்தாண்டார். சூழ்நிலைக்குப் பொருந்துவது என்பதுதான் டார்வின் சொன்ன தகுதி. உயர்ந்தது என்பது அன்று. ஆனால், பலர் அதை உயர்வு தாழ்வாகவே படித்தார்கள். ஜெர்மனியில் 1933-இல் ஒரு சட்டம் வந்தது. பரம்பரைக் குருடு, செவிடு, வலிப்பு என்று பட்டியலிட்டு, அப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காதபடி கட்டாயச் சிகிச்சை செய்ய அது வழிசெய்தது. 1939 முதல் நோயாளிகளை மருத்துவ விடுதிகளிலேயே கொல்லவும் தொடங்கினார்கள். மனிதனை நாற்றாகப் பார்க்கும் பார்வை எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

என் நண்பர் நல்லவர். கொலையை அவர் கனவிலும் விரும்பமாட்டார். ஆகவே அவருடைய வாதத்துக்கே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, நாற்றைப் பிடுங்குகிறவன் நாற்று அல்லன்; அதற்கு வெளியே நிற்கும் தோட்டக்காரன். சமுதாயத்தில் வெளியே நிற்பவர் யார்? பிடுங்குகிறவனும் அதே பாத்தியில் முளைத்தவன்தான். தன் இடத்தை விரிவாக்கிக்கொண்டு அதற்கு இயற்கை என்று பெயர் வைக்கிறான். இரண்டாவது, பிடுங்கப்பட்ட நாற்று செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. தொட்டி சிறியது. தொட்டியைச் சிறிதாக வாங்கியது நாம். விதையைக் கை நிறைய அள்ளித் தூவியதும் நாம். மூன்றாவது, பிடுங்கிய வெங்காய நாற்று குப்பைக்குப் போக வேண்டும் என்ற விதியே இல்லை. வேறு தொட்டியில் நட்டு நீர் ஊற்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். அங்கே அது தாழ்ந்த நாற்றும் அன்று, மிஞ்சிய நாற்றும் அன்று; வெறும் நாற்று.

இன்னொன்றும் உண்டு. முள்ளங்கியைக் கலைத்துவிடாமல் நெருக்கமாக விட்டால் கிழங்கு பருக்காது. இந்த வெங்காயமோ அப்படி அன்று. ஒரே குழியில் ஏழெட்டு விதைகளைச் சேர்த்துப் போட்டாலும், ஒன்றை ஒன்று மெல்ல ஒதுக்கிக்கொண்டு, கொத்தாகவே வளர்ந்துவிடும். இயற்கையிடம் நீதி கேட்டால் முள்ளங்கி ஒன்று சொல்கிறது. வெங்காயம் வேறொன்று சொல்கிறது. நமக்கு எது வசதியோ அதைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அறத்தைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்தான், செடிகள் அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. உண்மையாகவே இடம் ஒன்றுதான் இருக்கிறது, கேட்பவர் நூறு பேர் என்றால் என்ன செய்வது? ஒரு வேலைக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும். கல்லூரியில் இருக்கும் இடத்துக்கு மேல் எவரையும் சேர்க்க முடியாது. தேர்ந்தெடுப்பது அங்கே தவிர்க்க முடியாதது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தேர்ந்தெடுத்த பின் நாம் ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்கிறோமே, அது தவிர்க்கக் கூடியது. 'உனக்கு இடம் இல்லை' என்பது உண்மை. 'நீ எதற்கும் ஆகாதவன்' என்பது பொய். பரீட்சை முடிவு வருகிற நாளில் எத்தனை வீடுகளில் முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு இரண்டாவது வாக்கியத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்! பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டித் தாய் சொல்கிறாள். அண்ணனைக் காட்டித் தந்தை சொல்கிறார். வெளியில் இடம் கிடைக்காமல் வந்தவனுக்கு வீட்டிலும் இடம் இல்லை என்று அதற்குப் பொருள். ஊர் பிடுங்கியதைவிட வீடு பிடுங்கியதுதான் ஆழமாக வலிக்கிறது.

இடம் சிறிதாக இருக்கும்போது சிலரை விலக்க நேரலாம். அப்படி விலக்குகிற கைக்கு இரண்டு கடமைகள் உண்டு. விலக்கியவரை இழிவாகப் பேசாதிருப்பது ஒன்று. அடுத்த முறைக்குள் பாத்தியை அகலமாக்க முயல்வது மற்றொன்று. இந்த இரண்டையும் செய்யாதவன் தன்னை நியாயவான் என்று சொல்லிக்கொள்ளட்டும். தோட்டத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.