சுவர் எழுப்பும் மௌனம்

இடைக்கால இங்கிலாந்தின் கிராமப் பங்கு ஆலயங்களில் குருவின் பீடப்பகுதியையும் மக்களின் நடுக்கூடத்தையும் ஒரு மரத்தடுப்பு பிரித்தது. மக்களை மக்களிடமிருந்தே பிரித்த ஆலயமோ நம்மிடம் இருந்தது. 1872-இல் எழுந்த வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள், சாதிகளுக்கிடையே சுவர்.

பூசலைத் தவிர்க்கவே அவ்வாறு கட்டினர் என்பர். அமைதிக்காக அநீதிக்கு இடங்கொடுப்பது அறமாகுமா? ஆகாது, அவ்வமைதிக்கு விலை, தாழ்த்தப்பட்டோரின் அவமானமே. 1910-இல் கௌசானல் அடிகளார் சுவரை அகற்றினார். எதிர்த்தோர் உயர்நீதிமன்றம்வரை சென்றும் அது மீண்டும் எழவில்லை.

பொட்டிபுரம் போன்ற ஏலமலை அடிவாரச் சிற்றூர்களில், சுவரில்லாக் கூடத்தில் திருப்பலி நிறைவேற்றும்போதும், யார் எங்கே அமர்கிறார் என்றே என் கண் தேடுகிறது. கற்சுவரை ஒரே நாளில் இடிக்கலாம். அமைதி கெடுமென்று நான் வாய்மூடியிருக்கும் நாளில், அதை மீண்டும் எழுப்பும் கொத்தன் நானல்லவா?