நாவின் நேர்மை: கைப்பை விரும்பாதவனும் பியரும்

அறுசுவைகளுள் கைப்பு, பழகிப் பெறவேண்டிய சுவை என்பது பொதுவான எண்ணம். குழந்தை எவரும் கற்பியாமலே இனிப்பை நாடுகின்றது. கைப்பை முகஞ்சுளித்து உமிழ்ந்துவிடுகின்றது. ஆயினும் அக்குழந்தையே வளர்ந்தபின் பாகற்காய்க் கறியையும் வேப்பம்பூ வடகத்தையும் பாலில்லாக் கோப்பியையும் விரும்பி உட்கொள்வதுண்டு. இம்மாற்றத்தினின்றும் ஒரு வினா எழுகின்றது. பலரும் விரும்பும் ஒன்றை ஒருவனது நா ஏற்க மறுக்குமாயின், அவன் தன் நாவைத் திருத்திக்கொள்ளல் வேண்டுமா? அன்றி, மறுப்பை மறுப்பென்றே ஒப்புக்கொண்டு தனக்கு உவந்ததைத் தேடல் வேண்டுமா? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவினுள்ளே நேர்மை பற்றியும் தன்மதிப்புப் பற்றியும் பெரிய வினாக்கள் அடங்கியுள்ளன.

எடுத்துக்காட்டாக இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து நோக்கலாம். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பெற்று, புனரமைப்பின்பின் 2018ஆம் ஆண்டில் மீளத் திறக்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் குடும்பத்தில் அவன் பிறந்தவன். குளத்துக்கு அண்மையில் அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றிற் கற்று வெளியேறித் தொழில் பெற்றவன். நண்பனின் திருமண விருந்திலே குளிர்ந்த பியர் அவன் கைக்கு வருகின்றது. முதல் மிடறே கைக்கின்றது. சுற்றியிருப்போர் சுவைத்துக் குடிப்பதைக் கண்டு அவனும் சுவைப்பதுபோற் குடித்து முடிக்கின்றான். அன்றிரவு அவன் செய்தவற்றுள் ஆராயத்தக்கது குடித்தமை மட்டுமன்று, பிடித்ததென நடித்தமையுமாகும்.

குடித்தல் தகுமா என்பது வேறு வினா. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை அதற்குத் தெளிவான விடையை வைத்துள்ளது. அவ்விடையை ஏற்றுக் குடியாதிருப்பவன் இங்கு எழும் சிக்கலுக்கு உட்படாதவன்; அவன் தன் மறுப்புக்கு நாவைக் காரணங்காட்டவும் வேண்டியதில்லை. அளவறிந்து குடிக்கலாமெனத் தீர்மானித்த ஒருவன் தன் நாவுக்கும் தான் கூடியிருக்கும் அவைக்கும் இடையே எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதற்கண், கைப்பை உணர்வதில் மனிதர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதை உளங்கொள்ளல் வேண்டும். 1931ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனவியலாளர் ஆதர் பொக்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்தில் ஓர் இரசாயனப் பொடி தற்செயலாகக் காற்றிற் பறந்தது. அருகிருந்தவர் அது கடுமையாகக் கைப்பதாகக் கூறினார். பொக்ஸ் எச்சுவையும் உணர்ந்திலர். இவ்வேறுபாடு பரம்பரை வழி வருவது என்பது பின்னர் நிறுவப்பெற்றது. அதற்குப் பொறுப்பான பரம்பரையலகு 2003இல் இனங்காணப்பெற்றது. கைப்பை உணர்த்தும் வாங்கிகள் மனிதனிடத்து ஏறத்தாழ 25 வகையின. எனவே ஒரே பானத்தை அருந்தும் இருவர் ஒரே சுவையைத்தான் பெறுகின்றனர் எனக் கொள்வதற்கில்லை. ஒருவனுக்கு மெல்லிய கைப்பாகப்படுவது மற்றவனுக்குத் தாங்கொணாததாகலாம். கைப்பை வெறுப்பவனை இரசனை குன்றியவன் எனப் பழித்தல், கூரிய செவியுடையான் பேரொலியை வெறுப்பதைக் குறையெனக் கூறுதலை ஒக்கும்.

இரண்டாவதாக, அவ்விளைஞன் வெறுத்தது யாதென ஆராய்தல் வேண்டும். ‘பியர் எனக்கு ஒவ்வாது’ என்பான் அவன். ஆனால் அவன் நா மறுத்தது பியரையன்று. ஹொப்பு என்னும் கொடியின் பூவினது கைப்பையே. வாற்கோதுமையை முளைக்கச்செய்து, உலர்த்தி, அதன் மாப்பொருளை வெல்லமாக்கி, மதுவத்தால் நொதிக்கச் செய்வதே பியரின் அடிப்படை. கொதிக்கும் சாற்றில் ஹொப்பு இடப்படும்போது அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கைப்பைத் தருகின்றன. பானம் பழுதடையாது காக்கவும் அவை உதவுகின்றன. 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் பியருக்குரிய பொருள்களாக வாற்கோதுமை, ஹொப்பு, நீர் என்னும் மூன்றையே விதித்தது. ஆனால் ஹொப்பு பரவுவதற்கு முன்னரும் ஐரோப்பாவில் வேறு மூலிகைகள் இட்ட பியர் வழங்கிற்று.

தமிழர்க்கும் இது புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, இல்லில் ஆக்கிய நெற்கள்ளாகிய தோப்பியைக் குறிப்பிடுகின்றது. அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளையடை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு எடுக்கும் நறும்பிழியையும் அந்நூல் விரிவாகக் கூறுகின்றது. முளைத்த தானியத்தாற் பெற்ற பானம் என்னும் வகையில் அதுவும் பியரின் இனத்ததே; ஹொப்பின் கைப்பு அதில் இல்லை. நெல் விளையும் மண்ணிற் பிறந்தவன், பியர் என்றாற் கைப்பு என்று எண்ணுவது வழங்கும் ஒரு வகையை இனம் முழுவதுமாகக் கருதியதன் விளைவேயாகும்.

வெறுப்பின் காரணம் துல்லியமாகத் தெரிந்துவிடின் தேடலும் எளிதாகின்றது. பியரின் கைப்பை அளக்க ஓர் அலகு உண்டு. ஹொப்பு மிகுந்த வெளிறிய ‘இந்தியா பேல் ஏல்’ வகைகள் பொதுவாக 40 முதல் 70 வரையிலான அலகுகளை உடையன. பவேரியக் கோதுமைப் பியரில் அவ்வெண் 8 முதல் 15 வரையே; அதன் மதுவம் வாழைப்பழத்தையும் கராம்பையும் நினைவூட்டும் மணத்தைத் தருகின்றது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரை அண்டிய பகுதியில் ஆக்கப்படும் லாம்பிக் பியருக்கு, நெடுநாள் வைத்துக் கைப்பிழந்த ஹொப்பையே இடுவர். காற்றிலும் பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கும் அது புளிப்பை உடையது. செரிப்பழம் ஊறவைத்த வகையும் அதில் உண்டு. பாற்சீனியாகிய இலற்றோசு இட்ட கரும்பியர் வேறொரு வகை. பியர் மதுவம் அச்சீனியை நொதிக்கச் செய்யமாட்டாது. ஆதலின் இனிமை எஞ்சி நின்று கைப்பை மறைக்கின்றது. இலங்கையிலும், நுவரெலியாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய மதுவாலையின் வழிவந்த ‘லயன் ஸ்டவுட்’ என்னும் கரும்பியர், வறுத்த தானியத்தின் கோப்பிச் சுவையும் இனிமையும் கலந்தது. பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் அதனைப் பெரிதும் பாராட்டியுள்ளார். அளவீட்டெண் மாத்திரம் சுவையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் இக்கரும்பியர்கள் சான்றாகும். எண் உயர்ந்திருப்பினும் இனிமை அதனை நிறைசெய்துவிடும்.

இவ்விடத்தே ஒரு தடை எழுப்பப்படலாம். உயர்ந்த சுவைகள் யாவும் பயிற்சியாலன்றோ பெறப்படுகின்றன? கைப்பை ஒதுக்கி எளிய இனிமையைத் தேடுபவன் வளர்ச்சியை மறுப்பவனல்லனோ? நல்லவற்றில் இன்பமும் தீயவற்றில் துன்பமும் கொள்ளும்படி இளமை முதலே பழக்கப்படல் வேண்டும் என்று அரிஸ்ரோட்டில் கூறியமை இத்தடைக்கு வலுவூட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் அவர் கருதிய பழக்கம் அறத்தின்பாற்பட்டது. வீரமும் ஈகையும் தம்மளவில் நல்லன. ஆதலின் அவற்றை விரும்பப் பழகுதல் கடமையாகின்றது. ஹொப்பின் கைப்போ தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதனை விரும்பப் பழகுதல் ஒருவனது உரிமையாகலாம், கடமையாகாது. அறியும் ஆவலாற் பழகுபவன் தன் உலகை விரிக்கின்றான். நாணத்தாற் பழகுபவனோ பிறர் நாவைத் தன் வாயில் வைத்துக்கொள்கின்றான். எவரும் காணாத தனிமையிலும் அவன் அக்கிண்ணத்தை எடுப்பானா என்பதே இவ்விரண்டையும் வேறுபடுத்தும் உரைகல்லாகும்.

ஆயின் சுவை முற்றிலும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுதலும் பொருந்தாது. இனியது என்று கூறும்போது ‘எனக்கு’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் 1790இல் வெளியிட்ட நூலில் தரும் விளக்கம். ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் ஹியூம் 1757இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஒரு கதையை எடுத்தாள்கின்றார். பீப்பாய் வைனைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோலின் சுவையும் மற்றவர் இரும்பின் சுவையும் அதிற் கலந்துள்ளன என்றனர். யாவரும் நகைத்தனர். பீப்பாயை வெறிதாக்கியபோது அடியிலே தோல்வார் கட்டிய பழந்திறப்பொன்று கிடந்தது. உவப்பு அவரவர்க்குரியது, ஆனால் பொருளில் உள்ளது யாது என அறிதல் பொதுவானது. ஆகவே கைப்பை வெறுப்பவனும் ‘இது நன்கு ஆக்கப்பட்டது, எனக்கு உவப்பன்று’ எனக் கூறவல்லவனாதல் வேண்டும். தன் வெறுப்பைப் பொருளின் குற்றமாக்குதலும், பிறர் விருப்பைத் தன் விருப்பெனக் காட்டுதலும் ஒருசேர நேர்மைக்குப் புறம்பானவை.

வன்னியில் இந்நேர்மைக்கு மற்றுமொரு சோதனை உண்டு. விருந்திலே கைக்கும் பியரைச் சிரமப்பட்டு விழுங்கும் அவ்விளைஞனின் ஊர்ப்புறத்திலேயே பனை நிற்கின்றது. முட்டியிற் சுண்ணாம்பு தடவி இறக்கினால் இனிய கருப்பநீர். தடவாது இறக்கினாற் கள். இறக்கிய காலையில் இனிமையும் நேரஞ்செல்லப் புளிப்பும் மிகும் அக்கள்ளின் மதுசாரம் பெரும்பாலும் பியரினதை ஒத்தது. கைப்பை வெறுக்கும் நா நாடக்கூடிய சுவை அதுவே. எனினும் அவன் அதனை நாடான். தவறணையில் இருத்தல் இழிவென்றும் போத்தலைக் கையிலேந்துதல் உயர்வென்றும் அவனுக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அக்கற்பிதத்தின் வேர் நாவில் இல்லை. சீவல் தொழிலாளரைச் சாதியின் பெயரால் தாழ்த்தி, அவர்தம் உழைப்பின் பயனையும் தாழ்த்திய சமூகத்திலேயே அவ்வேர் உள்ளது. 1970களில் அத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைந்தமையும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றமையும் அவர்தம் வாழ்வை உயர்த்த முயன்றன. ஆயினும் பிளாவில் வார்த்த கள்ளுக்கும் கண்ணாடிக் கிண்ணத்துப் பியருக்கும் இடையிலான மதிப்பு வேறுபாடு முற்றாக மறைந்துவிடவில்லை. இரண்டையும் சுவைத்தறிந்து பியரை விரும்புபவன் மீது குற்றமில்லை. சுவையாமலே கள்ளை இகழ்ந்து, சுவைத்தும் பிடியாத பியரைப் புகழ்பவன், தன் நா கூறும் உண்மையைச் சாதிக்கு அஞ்சி மறைக்கின்றான்.

இறுதியாக ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. கைப்பு, நச்சுப்பொருள் பலவற்றை இனங்காட்ட இயற்கை வகுத்த காவல். கைப்பை வெறுப்பவனுக்கு அவ்வெறுப்பே ஒரு தடுப்பு. முதற்கிண்ணத்தோடு அவன் நிறுத்திவிடுவான். இனிய பானத்தைக் கண்டடைந்தபின் அத்தடுப்பு அகன்றுவிடுகின்றது. மேற்கூறிய கரும்பியரின் மதுசாரம் 8 வீதத்துக்கு மேற்பட்டது; சாதாரணப் பியரினதோ ஏறத்தாழ 5 வீதம். இனிமை அவ்வேறுபாட்டை நாவுக்கு உணர்த்தாது. நா கைவிட்ட காவலை அறிவு ஏற்றல் வேண்டும். தனக்கு உவந்ததைத் தேடும் உரிமையுடன் அளவை அறியும் பொறுப்பும் இணைந்தே வருகின்றது.

எனவே, கைப்பை விரும்பாதவன் தன் நாவைத் திருத்தக் கடமைப்பட்டவனல்லன். அதனை அறியக் கடமைப்பட்டவன். தான் வெறுப்பது யாது, அதன் காரணம் நாவிலுள்ளதா பிறர் பார்வையிலுள்ளதா என வினவி அறிதலே அவனுக்குரிய பயிற்சி. அப்பயிற்சியைப் பெற்றவன் கோதுமைப் பியரைத் தேர்ந்தாலும், கள்ளைத் தேர்ந்தாலும், கருப்பநீரோடு அமைந்தாலும், ஒன்றையும் வேண்டாது எழுந்து சென்றாலும் அவன் தேர்வு அவனுடையதாகவே இருக்கும்.