வாகனம் யாருக்காக?

வாலிபர்கள் வாகனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு இலேசில் முடிவதில்லை. பட்டாபிராமின் தேநீர்க் கடைகளிலும், இந்துக் கல்லூரி ரயில் நிலையத்து வாசலிலும், ஏன், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போதும் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். வசதி படைத்தவர்கள் இந்த ஸ்போர்ட்ஸ் காரா, அந்த ஸ்போர்ட்ஸ் காரா என்கிறார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த பைக்கா, அந்த பைக்கா என்கிறார்கள். விலையில்தான் வேற்றுமை, கேள்வி ஒன்றே. இரண்டில் எது வேகம்? எது முதலில் நூறைத் தொடும்?

இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரும் பைக்கும் அன்று இல்லை. ஆனால் வாகனம் இருந்தது. வாகனத்தின் மீது ஆசை இருந்தது. முந்திச் செல்ல வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது. ஆகவே, இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளாமல் நிதானமாக ஆராய்வதே முறை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். வேகத்தை விரும்புவது பாவமன்று. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்து, அது புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்சி பெறாதவை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓடின. முன்னது ஐந்து, ஆறு மைல் என்றும் பின்னது ஒரு மைல் என்றும் அறிவிப்பாளர் ஸுஃப்யான் விளக்குகிறார். ஓட்டியவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். வேகம் தடுக்கப்படவில்லை, ஆனால் அதற்குத் தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டன. குதிரையின் தகுதிக்கேற்பத் தூரமும் அளந்து விடப்பட்டது. இதனை வாலிபர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நம் பகுதியிலும் வேகத்திற்குக் களங்கள் இருந்தே வந்துள்ளன. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் பூவிருந்தவல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே ஒரு பந்தயப் பாதை உண்டாயிற்று. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலையிலேயே கார் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் பாதை. அதற்கு முதலில் என்ன செய்தார்கள்? போக்குவரத்தை நிறுத்தினார்கள், இருபுறமும் தடுப்புகள் அமைத்தார்கள், மருத்துவ வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். அதாவது, பந்தயம் நடக்க வேண்டுமானால் அந்த நேரத்திற்கு அது தெருவாக இருக்கக் கூடாது!

களத்திற்கும் தெருவுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். களத்தில் இறங்குபவர் அனைவரும் ஆபத்தை அறிந்து, சம்மதித்து இறங்கியவர்கள். தெருவில் செல்பவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. பட்டாபிராம் வழியாகச் செல்லும் சி.டி.எச். ரோட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ரயிலைப் பிடிக்க விரைபவர்கள், கல்லூரி மாணவ மாணவியர், 2024-ல் திறக்கப்பட்ட டைடல் பார்க்கிற்கு வருபவர்கள், ஷேர் ஆட்டோக்கள், கையில் பிள்ளையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும் தாய்மார்கள். இவர்களில் எவருமே நம் பிள்ளையின் பந்தயத்தில் பெயர் கொடுத்தவர்களல்லர். ஆயினும், தவறு நேர்ந்தால் பரிசு பெறுபவர்கள் இவர்கள்தாம்.

கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட கண், பிரேக்கைப் பிடிக்கும் கைக்குச் செய்தி சொல்வதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும் இயற்கை விதி.

வண்டிகளின் வலிமையோ வளர்ந்துகொண்டே போகிறது. அன்றாடம் வேலைக்குச் செல்வோர் ஓட்டும் ஸ்பிளெண்டர் 97 சி.சி., ஏறத்தாழ 8 குதிரைசக்தி. 2013-ல் இந்தியாவில் அறிமுகமான கே.டி.எம். டியூக் 390 ஏறத்தாழ 43 குதிரைசக்தி. போர்ஷே 911 போன்ற கார்கள் நான்கு ஐந்து விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகின்றன. அண்டையிலுள்ள சென்னை மாநகரில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வேக வரம்போ காருக்கு 60, இருசக்கர வாகனத்திற்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30. வலிமைதான் பெருமை என்றால் நமக்கு அடுத்த ஊரான ஆவடியிலேயே 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவாகும் டி-90 டாங்கியின் எஞ்சின் 1000 குதிரைசக்தி. அது போர்க்களத்திற்கு ஏற்றது. அதில் ஏறிக் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போவார் உண்டோ? எந்த வலிமையும் அதற்குரிய இடத்தில்தான் அழகு.

'என்னிடம் வலிமை இருக்கலாம்; நான் அதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன். பெரிய வண்டியில் பிரேக்கும் டயரும் தரமானவை. லாரியை முந்தும்போது அந்தச் சக்தி உயிர் காக்கும். மேலும் இது என் ஹலாலான சம்பாத்தியம்' என்று ஒரு வாலிபர் வாதிடலாம். இந்த வாதத்தை அலட்சியப்படுத்துவது நியாயமன்று. அதில் உண்மை இருக்கிறது. தரமான பிரேக் ஒரு நிஃமத். ஆனால், அந்தச் சகோதரர் தம் உள்ளத்தைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். அதே பிரேக்கும் அதே டயரும் கொண்டு, வேகம் மட்டும் குறைந்த ஒரு வண்டியைக் கொடுத்தால் மனம் நிறையுமா? நிறையும் என்றால் அவர் தேடியது பாதுகாப்பு. நிறையாது என்றால் அவர் தேடியது வேறு.

அந்த 'வேறு' எது என்பதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒருவருக்குக் குதிரை நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச் சுமை. இறைவழியில் கட்டி வைத்தவருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்து, அதிலுள்ள இறைவனின் உரிமையையும் மறவாதவருக்குத் திரை. பெருமைக்காகவும் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் வளர்த்தவருக்குச் சுமை. குதிரை ஒன்றுதான், நிய்யத்து மூன்று. அடுத்து, கழுதைகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் அருளப்படவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்னும் திருமறைக் கருத்தையே நினைவூட்டினார்கள். குதிரைக்கும் கழுதைக்கும் பொருந்திய அளவுகோல் பைக்குக்கும் காருக்கும் பொருந்தாமல் போகுமா?

பாதையில் எப்படிச் செல்வது என்பதற்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளமாகத் திரும்பிய வேளையில், ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்டு, அமைதியைக் கடைப்பிடியுங்கள், விரைவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கூட்டத்தில் மிதமாகவும், வெட்டவெளி கிடைத்தபோது சற்று விரைவாகவும் அவர்கள் சென்றதாக ஹஜ்ரத் உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஹஜ்ஜின் அமலுக்காகச் செல்லும்போதே நிதானம் கட்டளையானால், டீ குடிக்கச் செல்லும்போது எப்படி இருக்க வேண்டும்!

வேகப் போட்டிக்கு முடிவே இல்லை என்பதையும் மறக்கலாகாது. நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாட்டுப்புற அரபி இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. இன்று வாங்கும் வண்டியை அடுத்த ஆண்டின் வண்டி முந்தும். ஆனால் அதற்காக வாங்கிய வட்டிக் கடனின் தவணை மட்டும் முந்தாது, பின்தொடர்ந்து வரும்.

எனவே, இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சகோதரர் 'எது வேகம்?' என்பதைக் கடைசியில் கேட்கட்டும். மெதுவாகச் செல்லும்போது எது அடக்கமாக ஓடுகிறது? எதன் பிரேக் நம்பத்தக்கது? தாயோ மனைவியோ பின்னால் அமர்ந்தால் அச்சமின்றி வருவார்களா? பக்கத்திலேயே பழுது பார்க்க முடியுமா? கடனில்லாமல் வாங்க இயலுமா? இவற்றை முதலில் கேட்கட்டும். வேகத்தின் மீது தீராத ஆர்வம் உள்ளவர் முறையான பயிற்சி பெற்று, அதற்குரிய களத்திற்குச் செல்லட்டும். அதை நாம் தடுக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, அவன் குற்றம் புரிந்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமல்ல. பிள்ளை நம்மிடம் ஓர் அமானிதம், சாலையில் செல்லும் முகமறியா மனிதரின் உயிரும் ஓர் அமானிதம் என்பதற்காகவும் சாவியைக் கொடுக்குமுன் சிந்திக்க வேண்டும்.

நம் வாகனங்கள் நமக்குச் சுமையாகாமல் திரையாக அமைய வல்ல அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.