எட்டரை என்று சொன்னது யார்?

தம்பி, "நானெல்லாம் சும்மா ஒர்க்கர்தான் அண்ணே" என்று இனி ஒருமுறை என்னிடம் சொல்லாதே! விடியுமுன் சிங்கப்பூரின் தெம்பனிஸ் டார்மிட்டரியிலிருந்து லாரி ஏறிப் போய், பகலெல்லாம் இரும்பில் மரை போடுகிற கை உன்னுடையது. அந்தக் கைக்குள் என்ன இருக்கிறதென்று உனக்கே தெரியவில்லையே, அதுதான் என் ஆத்திரம்.

10 எம்.எம். போல்ட்டுக்கு என்ன துளை என்று கேட்டால் யோசிக்காமல் "எட்டரை" என்கிறாய். பத்திலிருந்து மரையின் இடைவெளி ஒன்றரையைக் கழித்தால் எட்டரை. அது கணக்கு, தம்பி! துளை சிறுத்தால், உள்ளே மரை வெட்டும் டேப் இறுகி முறியும். பெருத்தால் மரையில் ஆழம் இருக்காது, போல்ட் பிடிக்காது. டேப்பை நட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைமட்டம் வைத்து இருபக்கமும் பார்க்கிறாய். முதல் இரண்டு சுற்றுக்குத்தான் அழுத்தம். பல் கடித்த பிறகு அது தானே தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெட்டிய இரும்புச் சுருள் முறிந்து உதிர்கிறது. ஒரு சொட்டு எண்ணெய். ராடின்மேல் மரை போட டை ஓட்டும்போதும் இதே பக்குவம். டேப் மிகக் கடினமான எஃகு. வளையாது, பட்டென்று ஒடியும். ஒடிவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளங்கையில் தட்டுப்படுமே ஓர் இறுக்கம், அதை எந்தப் புத்தகம் உனக்குச் சொல்லித் தந்தது?

உன் தொழிலின் முன்னோர்களைப் பார். ஹென்றி மாட்ஸ்லே 12 வயதில் வூலிச் ஆயுதச்சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பிய பையன். திருகு வெட்டும் லேத்தைத் துல்லியமாக்கியவர் அவரே. அவர் பட்டறையில் கூலிக்கு நின்ற ஜோசப் விட்வொர்த்தான், பட்டறைக்குப் பட்டறை வேறாகக் கிடந்த மரைகளுக்கு 1841இல் ஒரே அளவை முன்வைத்தார். இருவரும் உன்னைப்போல் வைஸ் முன்னால் நின்றவர்கள்!

நீ படுத்துறங்கும் தெம்பனிஸுக்குப் பெயர் தந்ததும் ஒரு வைரம் பாய்ந்த மரம்தான். கோடாரிக்கு லேசில் மசியாது. நீயும் அப்படி நில்!

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போவாய் அல்லவா? வரும்போது ஒரு நோட்டு வாங்கி வா. 6க்கு 5, 8க்கு 6.8, 10க்கு 8.5 என்று உனக்குத் தெரிந்ததை உன் கையெழுத்தில் எழுது. திங்கட்கிழமை ஃபோர்மேன் முன்னால் நிமிர்ந்து நின்று, "வேலை டிராயிங்கை எனக்கும் காட்டுங்க, படிக்கக் கத்துக்கணும்" என்று கேள்!